குரோவாசியாவைப் பற்றிக் கவலைப்பட்ட ராயப்பர்

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் நான் வேலை செய்யும் கடையில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது புறநகரான ஓல்னேயிலிருந்து போன் வந்தது. ராயப்பர் காலையில் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் பிரெஞ்சில் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது. இந்தச் செய்தி மட்டும் ஒரு சொல் பிசகாமல் விளங்கியது. கடைக்கு வந்தவர்களிடம் சொன்னபோது, "ஆர், அந்தக் குரோவாசியாக்காரரோ?" என்றுதான் பலரும் கேட்டார்கள்.

அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், சட்ட வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் அடங்கியிருந்த சிறிய அரசுகளுக்குச் சட்டத்தில் என்ன இடம் இருந்தது என்பதையே ஆயுள் முழுக்கப் படித்தார். குரோவாசியா அப்படியொரு அரசு. ஹங்கேரியின் கீழ் இருந்தது. எங்களுடைய அகதி விண்ணப்பங்களைப் பிரெஞ்சில் எழுதித்தர எங்கள் கடை இருக்கும் லா சப்பல் பகுதிக்கு வருவார். வேலை முடிந்ததும் தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு குரோவாசியாவைத் தொடங்குவார். யாராவது இடையில் எழுந்தால் முகம் சிவந்துவிடும். ஆனாலும் எங்களில் பாதிப்பேர் மெத்ரோ ரயிலுக்கு நேரமாயிற்று என்று சாட்டி நழுவிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னறையில் கூடுவோம். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடியே குறுக்கே பேசுவார்கள். எண்பத்தேழில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்த செய்தியையும் அப்படித்தான் கேட்டோம். எங்களுக்கு மாகாண சபை, எங்கள் மொழிக்கு இடம். யாரோ இனிப்புக்குத் தொதல் வெட்டினார்கள். முதலாளி ராயப்பரைப் பார்த்து, குரோவாசியாவுக்குத் தனிச் சபை இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார். தனி நீதிமன்றம்? இருந்தது. தங்கள் மொழியிலேயே நிர்வாகம்? அதுவும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கைதட்டினோம். அவர் "ஆனா" என்று தொடங்கியதை ஒருவரும் கேட்கவில்லை. தொடங்கினால் முடிக்கமாட்டார் என்ற பயம். அந்தச் சந்தோஷத்தில், அகதி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். மனைவியும் மகளும் சுன்னாகத்தில் இருந்தார்கள். மகளை நான் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான்.

அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகாத மனிதர், மறுநாள் ரயிலேறி ஆர்ஜொந்தெய்க்கு என் அறைக்கு வந்துவிட்டார். கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"நேத்து நீங்க கைதட்டினது பாதிக் கதைக்குத்தான்," என்றார். "சபை குரோவாசியாவோடதுதான். அதுக்கு மேல 'பான்'னு ஒரு ஆளுநர். ஹங்கேரிப் பிரதமர் பேரச் சொல்லுவார், ராஜா நியமிப்பார். உங்க மாகாணத்துக்கு ஆளுநர யார் வைக்கப் போறாங்க? அது தெரியற வரைக்கும் அட்டையக் குடுக்காதீங்க. குடுத்தா திரும்பி வர வழியில்ல, உங்க குடும்பத்தக் கூப்பிட்டுக்கவும் வழியில்ல."

எனக்குக் கோபம் வந்தது. "அது செத்துப்போன ராசாக்களின்ரை கதை, ஐயா. என்ரை மனுசிக்கும் அதுக்கும் என்ன?"

"தெரியல. எனக்குப் பயமா இருக்கு, அதான் வந்தேன்."

அவருடைய சட்டம் என்னை நிறுத்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் போக முடியவில்லை, அவ்வளவுதான். மற்றவர்களின் புருஷன்மார் வருகிறார்களாம், நீங்கள் மட்டும் என்ன என்று மனைவி எழுதினாள்.

மழைக்காலம் தொடங்குமுன்பே ஊரில் சண்டை மறுபடியும் மூண்டது. சுன்னாகத்திலிருந்து கடிதம் நின்றுபோயிற்று. போகாததற்காக என்னையே திட்டிக்கொண்டேன், போயிருந்தால் என்ன கிழித்திருப்பேன் என்றும் திட்டிக்கொண்டேன். ராயப்பர் ஞாயிறு தவறாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரோவாசியா என்ற பேச்சே எடுக்கவில்லை. ஒருநாள் மட்டும், "நான் சொன்னது தப்பாப் போயிருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்," என்றார். மனைவியும் மகளும் ஒரு கோயிலில் தஞ்சம் புகுந்திருப்பதாகக் கடைசியில் தகவல் வந்தபோது, இந்தக் கத்தோலிக்கர் கடையிலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

அந்த அட்டையை வைத்துத்தான் அவர்களை அழைக்க விண்ணப்பம் எழுதினார். அனுமதி கிடைத்துவிட்டது. இப்போது இருவரும் கொழும்பில் ஒரு லாட்ஜில், விமானத்துக்குக் காத்திருக்கிறார்கள். தெருவில் சோதனை நடக்கிறதாம். மகளை வெளியே விடவேண்டாம் என்று போனில் கத்தினேன்.

அவரை அறிந்தவர்களே, அவர் படித்துச் சொன்ன சட்டங்களில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பிறர் வீட்டுக்காக அவர் பட்ட அந்தப் பயத்தைத்தான். இவ்வளவு காலம் அதில் பாதியை அவர் சுமந்தார். மனைவியும் மகளும் வந்திறங்கும் வரைக்கும் இனி முழுவதையும் நான் தனியே சுமக்கவேண்டும்.