அஞ்சு கட்டையில் ஓர் இரைச்சல்

தொட்டியத்து வாழைத்தோப்புக்காரர் மகன் ரெங்கராஜ் கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிக்கிறவன். மெல்லிசைக் குழுவில் நல்ல பெயர், வீட்டுக்காரர்களிடம்தான் கிடையாது. பாலக்கரையிலும் உறையூரிலும் சத்தம் தாங்காமல் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஸ்ரீரங்கம் மேல உத்தர வீதியில் ஒரு மாடி அறை கிடைத்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரி குமுதவல்லி மாமி, தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவள். "சத்தம் கித்தம் கேட்டுதோ, காலி பண்ணிடணும்" என்று சொல்லித்தான் சாவியையே கொடுத்தாள்.

அதனால் காலையில் ஒலியை அடக்கி வைத்துத்தான் சாதகம் செய்வான். ஆனால் கிதார் ஒலியைப் பெருக்கும் அந்த ஆம்ப் பெட்டி சும்மா இருந்தால்தானே! ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கிதார் கம்பியில் கை வைத்தால் கொஞ்சம் தணியும். எடுத்தால் தரையே முனகும். ஒரு கையால் இட்லி, மறு கையால் கம்பி என்று உட்கார்ந்திருப்பான். அணைத்துத் தொலைக்கவும் முடியாது. திரும்பச் சூடேறக் கால் மணி நேரம் எடுக்கும் கிழட்டு வால்வு ஆம்ப் அது.

இரைச்சல் கிளம்பியதும் கீழே மாமி உரக்கப் பாசுரம் சேவிக்க ஆரம்பிப்பாள். நம்மைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று பயல் நடுங்கிப்போனான். இந்த அறையும் போனால் கிதாரை விற்றுவிட்டு வாழைத்தார் வெட்டப் போக வேண்டியதுதான். அப்பா அதற்காகவே காத்திருந்தார்.

குழுவுக்கு மைக் கட்டும் கியாசுதீன் வந்து, பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, எர்த்துக்கு ஓட்டைதான் இருக்கு, பின்னாடி ஒயரே இல்ல. அதான் இப்படி இரையுது. ஷாக் அடிச்சு நீங்க மௌத்தாயிட்டா முகூர்த்த நாள்ல கிதாருக்கு நான் எங்க போறது?"

மாமி ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போன நாள் பார்த்து, கொல்லையில் குழாயடி ஈர மண்ணில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, எர்த் கம்பியை இறக்கி, மாடிக்கு ஒயர் இழுத்தார்கள். ஸ்விட்சைப் போட்டால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரெங்கராஜ் கியாசுதீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை மாமி பாசுரத்தை ஆரம்பித்தாள், நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நிறுத்தினாள். பிறகு மாடிப்படியில் காலடிச் சத்தம். கொல்லையைத் தோண்டியது தெரிந்துபோச்சு என்று ரெங்கராஜ் மடமடவெனத் துணிகளைப் பையில் திணித்தான்.

"ஏண்டாப்பா, சுருதிப்பெட்டி என்னாச்சு?" என்றபடி மாமி வந்தாள்.

"சுருதிப்பெட்டியா?"

"தெனம் போடுவியே! அஞ்சு கட்டை. ஒரு நூல் கூடத்தான் நிக்கும், பரவால்லே. அது வந்தப்புறந்தான் நேக்குக் குரலே எழும்பறது. இன்னிக்கு எங்கெங்கேயோ அலையறது."

ஆமாம், ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பான். வாய் கேட்கவில்லை.

"அது சுருதிப்பெட்டி இல்லீங்க மாமி. எர்த் இல்லாம கிதார் ஆம்ப் போட்ட இரைச்சல். நேத்து சரி பண்ணிட்டோம். உங்க கொல்லையிலதாங்க குழி தோண்டினோம்."

மாமி அவனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கிதாரைப் பார்த்தாள்.

"இதுல அஞ்சு கட்டை வருமோ?"

மூன்றாவது கம்பியை மீட்டினான். மாமி கண்ணை மூடிக் கேட்டாள். "அதுக்கு இது தேவலை. நிறுத்தாம வாசி" என்று இறங்கிப் போனாள்.

அந்த ஒற்றைக் கம்பியையே மீட்டிக்கொண்டிருந்தான். கீழே பாசுரம் எழுந்தது. இரண்டு அடியில் பட்டென்று நின்றது. ரெங்கராஜ் மறுபடி பையைப் பார்த்தான்.

"காதுலேயே விழலைடா! சத்தத்தைக் கூட்டு!"

கிதாரைத் தொட்ட நாளிலிருந்து எந்த வீட்டிலும், தொட்டியத்தில் பெற்றவர் வீட்டிலும்கூட, ஒருவரும் அவனிடம் சொல்லாத வார்த்தை அது. அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே குமிழைத் திருப்பினான்.