சோற்று நேரத்துப் போன்

தேவதானம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் காவல் இருக்கிறேன். காய் பிடித்துவிட்டால் குரங்குக்குப் பயந்து நகர முடியாது. மகள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் பஸ் மாறினால் போய்விடலாம், ஆனாலும் மூன்று வயசுப் பேத்தியை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் போனில்தான்.

மத்தியானம் சோறு ஊட்டும்போது மகள் கூப்பிடுவாள். எனக்கு எழுத்து தெரியாது. அவள் படம் தெரியும், பச்சையைத் தொடுவேன். குரங்கு மாதிரி பல்லைக் காட்டினால் பேத்தி வாயைத் திறப்பாள். ஒரு நாள் நிஜக் குரங்கே என் தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கு அவள் இரண்டு வாய் கூடுதலாகத் தின்றாள்; நான் பட்டினி.

திடீரென்று போன் நின்றுவிட்டது. இரண்டு நாள் பொறுத்து நானே கூப்பிட்டேன்.

"யப்பா, டாக்டர் வஞ்சிட்டாரு. இந்த வயசுக்கு போன், டிவி எல்லாஞ் சேத்தே ஒரு மணி நேரந்தானாம். சாப்பிடுதப்போ தொடவே கூடாதாம்."

"நான் என்ன கார்ட்டூனாட்டி?"

"சோத்துக்கு நீங்கதான கார்ட்டூனு! சாயங்காலம் கூப்பிடுதேன்."

சாயங்காலம் பேத்தி தெருவில் விளையாடப் போய்விடுவாள். நல்லதுதான். டாக்டர் சொன்னதும் சரிதான். ஆனால் மத்தியானமானால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும்.

குத்தகைக்காரரிடம் ஒரு நாள் லீவு கேட்டு பஸ் ஏறினேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைப்பு. என்னைப் பார்த்ததும் அவள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஏட்டி, போன்ல வார தாத்தாதான்."

"இல்ல. அந்தத் தாத்தாவுக்குக் காலு கெடையாது."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செத்த நேரம் போனைப் பிள்ளைட்ட குடு தாயி. வெளிய நின்னு என் போன்ல கூப்பிட்டுப் பேசிட்டு வாரேன்."

"யப்பா, நீங்களுமா!" என்று அவள் போனைப் பீரோ மேல் வைத்துவிட்டாள்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். மகள் சோற்றைப் பிசைந்தாள். பேத்தி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு வந்து என் கட்டைவிரலைத் தொட்டாள். குதிகால் வெடிப்பில் விரலை விட்டாள். முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது.

"யப்பா, பஸ்ஸு போயிரும்" என்றாள் மகள்.

போகட்டும் என்று கையைக் காட்டினேன்.