மா காயும் குசினிக்கு ஒரு வடிக்கும் வால்வு

எங்கள் கீழ்க்குசினியில், வீட்டைச் சூடாக்கும் றேடியேற்றருக்கு முன்னால் அந்தக் காலத்தில் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். மிளகாய், அரிசிமா, பயத்தம்மா. மொன்றியலில் ஐப்பசி முடிந்தால் வெயிலை நம்ப முடியாது. வெந்நீர் ஓடும் இரும்பை நம்பலாம். "யாழ்ப்பாணத்து வீட்டு முத்தத்து வெயிலைக் குழாயில கொண்டுவந்து விட்டிருக்கிறாங்கள்" என்பார் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

பொரிக்கும் மணம் மேலே போகாதிருக்க நிலவறையில் இரண்டாவது குசினி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வீடு வாங்கியதும் மச்சானும் நானும் அதைக் கட்டினோம். கூரை தலையில் இடித்ததால் நிலத்தை ஒரு படி தோண்டினோம். றேடியேற்றரும் ஒரு படி கீழே இறங்கியது. அதற்கு வெந்நீர் அனுப்பும் பொயிலர் மட்டும் பக்கத்து அறையில் பழைய மட்டத்திலேயே நின்றது.

தவக்காலம் தொடங்குமுன் மகளுக்குக் கலியாணம். பலகாரம் சுடுவதற்கு முதல்நாள், அந்த றேடியேற்றரின் அடி மூட்டு கசியத் தொடங்கியது. அதன் முன்னால் வெள்ளைச் சீலையில் கலியாணப் பலகாரத்துக்கு வறுத்த மா முழுவதும் பரவிக் கிடந்தது. விடிந்தால் எங்கள் மாதா கோயில் பெண்கள் பலகாரம் சுட வந்துவிடுவார்கள். மா நனைந்தால் பலகாரம் இல்லை.

பொயிலரை நிறுத்தினோம். தண்ணீர் வடிக்கும் வால்வு வீட்டிலேயே ஒன்றுதான், பொயிலரின் காலடியில். மச்சான் அதில் றப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையை நிலத்து வடிகானுக்குள் விட்டார். நான் மேலே போய் றேடியேற்றர்களின் காற்றுத் திருகுகளைத் திறந்தேன். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். கறுத்த தண்ணீர் நெடுநேரம் ஓடி நின்றது.

"முடிஞ்சுது. மூட்டைக் கழட்டுவம்" என்று மச்சான் ஸ்பனரை எடுத்தார்.

"பொறு மச்சான். இன்னும் சொட்டுது."

"வடிஞ்சு முடிஞ்சதை நீயும் பாத்தனியல்லோ."

"பொயிலர் வால்வுக்கு மேல நிண்டது வடிஞ்சுது. இது அதுக்கும் கீழ. தண்ணி படி ஏறிப் போகுமே?"

அவர் ஸ்பனரால் இரும்பைத் தட்டினார். மேற்பாதி கணீரென்றது, அடி மந்தமாகக் கேட்டது. மிச்சத்தை அந்த மூட்டின் வழியே நிலத்தில்தான் விடவேண்டும். மனைவி சீலையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "என்ர மாவை முதல் எடுங்கோ" என்றாள்.

எண்ணெய் கொண்டுவந்த அன்ரி ஒருவர் அப்போதுதான் படியிறங்கினார். கோயிலில் எந்தக் கலியாணத்துக்கும் பலகாரப் பொறுப்பு அவருக்குத்தான். "ஆளுக்கொரு மூலையாப் பிடியுங்கோ. பிரேதம் தூக்கிற மாதிரி, மெல்ல."

"அன்ரி, கலியாண வீட்டில கதைக்கிற கதையே இது?" என்றாள் மனைவி.

"கலியாணமும் அப்பிடித்தான் பிள்ளை. நாலு பேர் பிடிச்சாத்தான் நகரும்."

நாலு பேரும் தூக்கிக்கொண்டுபோய் மகளின் கட்டிலில் விரித்தோம். வேலையால் வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "பப்பா, அப்ப நான் எங்க படுக்கிறது?"

"சோபாவில படு. இண்டைக்கு மாதான் கலியாணப் பொம்பிளை" என்றார் அன்ரி.

கீழே பேசினை வைத்து மூட்டைக் கழற்றினோம். புது மூட்டோடு, குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில், இன்னொரு வடிக்கும் வால்வையும் பூட்டினோம். பொயிலருக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால் போதாது. குழாய் எங்கெல்லாம் பள்ளத்தில் இறங்குகிறதோ அங்கெல்லாம் ஒன்று வேண்டும். வால்வின் வாய்க்கு முன்னால் றப்பர்க் குழாய் மாட்ட இடமும் விடவேண்டும். மச்சான் அரிசிப் பீப்பாவை அங்கே தள்ளப் பார்த்தார், நான் விடவில்லை.

மறுபடி தண்ணீர் நிரப்பிக் காற்றெடுத்து முடிக்க அடுத்தநாள் மத்தியானமாகிவிட்டது. பெண்களோ சொன்னபடி காலையிலேயே வந்துவிட்டார்கள். பனிக்கால ஜக்கெற்றோடு கீழ்க்குசினியில் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த மாவை நடுவில் கொட்டிப் பயத்தம்பணியாரம் பிடித்தார்கள். மணப்பெண்ணும் அவர்களோடு ஒருத்தியாக இருந்தாள். அப்படி நிறைந்த குசினியை அதற்குப் பிறகு நான் காணவில்லை. பொயிலர் ஓடத் தொடங்கி நெடுநேரமாகியும் ஒருவரும் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கையெல்லாம் மா.