வண்டிக்கு அடியில் தண்ணீர்

ப்லோவ்திவ் நகரத்து ஒக்னியான் எந்த மெக்கானிக்கையும் நம்பாதவர். மினிவேனில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பு ஒழுகியதும் வீட்டு முற்றத்திலேயே புதியதை மாட்டி, சோதனைக்கு வெறும் தண்ணீர் நிரப்பினார். அன்றே மனைவி ருமியானாவோடு அவள் தங்கை ஊருக்குப் போகவேண்டும். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், வண்டியின் முன்பக்கம் அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பம்பு விற்றவனின் வம்சத்தையே திட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றினார்.

பையோடு வெளியே வந்த ருமியானா திகைத்தாள். "ஏங்க, எதுக்குத் திரும்பவும் கழட்டுனீங்க?"

"ஒழுகுதுடி! கண்ணு தெரியல?"

"ஐயோ, அது நான் ஊத்துனது. பயணம் கெளம்புனா நல்லபடியா போய்ச்சேர வண்டி முன்னாடி தண்ணி ஊத்துறது நம்மூரு வழக்கமாச்சே?"

"அதுக்கு ஒரு சொம்பு போதாதா? குளமே வெட்டிருக்கியே!"

"நீங்க மாட்டின பம்பாச்சே. சொம்பு பத்தாதுன்னுதான் வாளியோட ஊத்துனேன்."