கரடிமடுவில் இறக்கிவிட்ட பெண்

தாண்டவராயனின் பெயர் அச்சில் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதுவரை அவர் பின்பாட்டுக்காரர். ஆலங்காயம் பக்கத்து மலையடிவாரத்தில் கூத்து எங்கே நடந்தாலும், ராஜாவும் ராணியும் மூச்சு வாங்குகிற நேரத்தில் பின்னால் நின்று அடியைத் தாங்கிப் பாடுகிற குரல் அவருடையது. குரலை எல்லோருக்கும் தெரியும். முகம் யாருக்கும் நினைவில் நிற்காது. மற்ற நாட்களில் மானாவாரி நிலத்தில் சாமையும் கொள்ளும் விதைத்து, மனைவி சம்பூர்ணத்தோடும் இரண்டு பையன்களோடும் காலம் தள்ளினார்.

1956 ஐப்பசியில் பக்கத்து ஊர்ப் பெண் பூங்கோதை, ஜவ்வாது மலைக்கு நெல்லிக்காய் பறிக்கப் போனவள், திரும்பி வரவில்லை. அன்றைக்குக் கனத்த மழை. ஊரே திரண்டு தேடியது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அவள் எடுத்துப்போன கூடைகூடக் கிடைக்கவில்லை.

தாண்டவராயன் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சரிவில் ஏறுவது அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அதைச் சிந்துப் பாட்டாகக் கட்டினார். மாசி பிறப்பதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

வாணியம்பாடியில் அச்சுக்கூடம் வைத்திருந்த முக்தார் அகமது தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "பொண்ணு மலை ஏறுது, மழை புடிக்குது. அப்புறம் இன்னா ஆச்சு?"

"தெரியாது பாய். யாருக்குமே தெரியாது."

"எவனுக்குத் தெரியலன்னாலும் கவிராயருக்குத் தெரியணும். முடிவு இல்லாத புக்க வித்தா, வாங்குனவன் என் கதவ வந்து ஒடைப்பான்."

தாண்டவராயன் அச்சுக்கூடத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிவை எழுதினார். காட்டாறு விழுந்து தேங்குகிற கரடிமடுவு, அடிவாரத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த இடம். அதில் அவளை விழவைத்தார். முக்தார் பாயிடம் தலைமயிர்த் தைல விளம்பரத்துக்கு வாங்கிய பெண் படம் ஒன்று இருந்தது. அதையே அட்டையில் போட்டார்கள். கீழே, 'கவி தாண்டவராயன் இயற்றியது.' அந்த வரியை அவர் வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

விற்கிற வழியையும் பாயே சொல்லியிருந்தார். "முழுசாப் பாடித் தொலைச்சிடாத. பொண்ணு மலைமேல நிக்கணும், மழை கொட்டணும், நீ வாய மூடிக்கணும். மிச்சம் புக்குல."

அப்படியேதான் செய்தார். ஆலங்காயம் சந்தையில் கையில் தாளத்தோடு ஒரு மாட்டுவண்டிப் பாரில் ஏறி நின்றார்.

நெல்லிக் கனிபறிக்க – பூங்கோதை
நெட்ட மலைநடந்தாள்
கல்லும் சரிந்ததம்மா – மேலே
கருமேகம் சூழ்ந்ததம்மா

தாளம் நின்றது. "மிச்சக் கதை புத்தகத்திலே!"

"கவிராயரே, புடலங்கா விக்கிறவன்கூட முழுசாக் காட்டித்தான் விக்கிறான்!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. நாலைந்து பேர்தான் வாங்கினார்கள்.

அடுத்த சந்தையில் முன்வரிசையில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டியவள். எதையும் விலை கேட்கவில்லை, யாரோடும் பேசவில்லை. பாட்டு நின்றதும் மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டு, திரும்பிப் போய்விட்டாள்.

"அது யாரு தெரியுதா? அந்தப் பொண்ணப் பெத்த வெள்ளையம்மா" என்று வெற்றிலைக்காரி சொன்னாள். சொன்னது காற்றாய்ப் பரவியது. அதற்கடுத்த வாரம் பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட வெள்ளையம்மாளைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கினார்கள். செங்கத்துக்கும் வந்தாள். கணியம்பாடிக்கும் வந்தாள். எப்படித் தெரிந்துகொண்டு வந்தாளோ, அவர் ஏறி நிற்கும்போது முன்னால் நின்றாள்.

"நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனாக்கூட இப்படி ஓடாதுப்பா" என்றார் முக்தார் பாய். சொல்லிவிட்டு அவரே தலை குனிந்துகொண்டார்.

தாண்டவராயனுக்குத் தூக்கம் கெட்டது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தனியாக நடக்கும்போது பின்னால் யாரோ மூச்சை இழுத்துவிடுவது போலிருந்தது. என்றாலும் சந்தையில் அவர் கண் முதலில் தேடியது வெள்ளையம்மாளைத்தான். அவள் வரத் தாமதமானால் தாளத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நேரம் கடத்தினார்.

பங்குனியில் ஒருநாள் உச்சிவேளையில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சம்பூர்ணம் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, மறுபடி புடைக்க உட்கார்ந்தாள். வெள்ளையம்மாள் தானியக் குதிர்மேல் இருந்த புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து அட்டையைப் பார்த்தாள்.

"இது யாரு தம்பி?"

"சும்மா ஒரு படங்க்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கூர்ல வாங்குனவங்கள இன்னா எழுதியிருக்குதுன்னு கேட்டா, எம் மூஞ்சியப் பாத்துட்டு இடுப்புல சொருவிக்கிறாங்க. நீ வாராவாரம் மழையோட நிறுத்திடற. அப்புறம் இன்னா ஆச்சு எம் பொண்ணுக்கு?"

தாண்டவராயன் குதிர்ப் பக்கம் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அட்டையில் இருக்கிற பெயர் பொய்க்காரன் பெயர்.

"கரடிமடுவுல வெள்ளம் இழுத்துக்கினு போயிடுச்சிக்கா."

"நீ பாத்தியா?"

"பாத்தவங்க சொன்னாங்க."

சம்பூர்ணத்தின் முறம் நின்றது.

வெள்ளையம்மாள் அழவில்லை. "இத்தினி நாளா கதவுக்குத் தாப்பா போடல. அவ பங்கு சோறு எடுத்துவெச்சி, காலையில நாய்க்குப் போடறேன். இனிமே போட்டுக்கலாம், தாப்பா." எழுந்துகொண்டாள். "எடத்தக் காட்டு தம்பி. தீபாவளிக்கு எடுத்த சீலை பிரிக்காம இருக்குது. வெச்சிக் கும்புட்டுட்டு வந்துடறேன்."

அவள் போனபிறகு சம்பூர்ணம் கேட்டாள்: "பாத்தவங்க யாருங்க?"

"அச்சாயிடுச்சே, சம்பூர்ணம்."

"அச்சானா?"



மறுநாள் காலை அவரும் வெள்ளையம்மாளும் மலை ஏறினார்கள். மடுவில் தண்ணீர் பாதி வற்றி, பாறைகள் வெளியே தெரிந்தன. "எந்தப் பாறை?" என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வி வருமென்று அவர் நினைக்கவில்லை. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். வெள்ளையம்மாள் அதில் சேலையை விரித்தாள். வளையல், மஞ்சள், பொரி எல்லாம் வைத்தாள். வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பாடு. சந்தையில முழுங்கிட்ட பாட்டு."

எழுதியதிலிருந்து அந்தப் பகுதியை அவர் வாய்விட்டுப் பாடியதில்லை. தாளம் இல்லாமல், பின்பாட்டுக் குரலில் பாடினார்.

நீந்தத் தெரியாப்பெண் – மடுவிலே
நீட்டிய கைமறைந்தாள்

"இன்னா சொன்ன?"

அவர் அந்த அடியை மறுபடி சொன்னார்.

"அவளுக்கு நீச்சல் தெரியுமே, தம்பி." குரலில் கோபம் இல்லை. தெரியாதவனுக்குத் தகவல் சொல்கிற குரல். "சின்னதுலயே முதுகுல சொரக்குடுக்கயக் கட்டி அவங்கப்பன் கெணத்துல எறக்கிவுட்டான். ஆம்பளப் பசங்களத் தண்ணியில முக்கி அழவுடுவா."

வெள்ளத்தில் நீச்சல் தெரிந்து என்ன பயன் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"நீ பாக்கல. யாரும் பாக்கல."

சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். வளையலை முந்தியில் முடிந்துகொண்டாள். பொரியை மட்டும் விட்டுவிட்டு, அவருக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள். அன்று ராத்திரியும் அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார்.

தாண்டவராயன் சந்தையில் பாடுவதை விட்டுவிட்டார். புத்தகம் அவரை விடவில்லை. வாங்கியவர்கள் பாடினார்கள். நாற்று நடுகிற பெண்கள் பாடினார்கள், தறிக்காரர்கள் பாடினார்கள். எல்லோரும் முடிவுவரை பாடினார்கள்.

கோடை வெயில் ஏற ஏற, விறகுக்குப் போன பெண்கள் ஒரு சேதியோடு திரும்பினார்கள். கரடிமடுவில், தட்டைப் பாறையில், உச்சிவேளையில் ஒரு பெண் தலைமயிரைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆள் அரவம் கேட்டதும் தண்ணீரில் விழுகிறாள், கையை நீட்டுகிறாள், நீந்தத் தெரியாமல் முழுகுகிறாள்.

தாண்டவராயன் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எந்தப் பாறை என்று புத்தகத்தில் இல்லை. வெள்ளையம்மாளைத் தவிர அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதற்கு அவளும் யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.

விறகுக்காரிகள் அவளிடமே போய், "உம் பொண்ணப் பாத்தோம்" என்றார்கள். அவள் களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"நீச்சல் தெரியாத பொண்ணா? அப்ப அது எம் பொண்ணு இல்ல. தாண்டவராயன் வூட்டுப் பொண்ணு. எம் பொண்ணு வர்றப்ப வருவா."

இது அடிவாரம் முழுக்கச் சுற்றி சம்பூர்ணத்தின் காதுக்கும் வந்தது. அவள் ஆடிப்பெருக்கன்று ஒரு கூடையில் பச்சை வளையலும் காதோலை கருகமணியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள். தாண்டவராயன் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கூடவே போனார். மடுவுக்கு முந்தின திருப்பம் வந்ததும் அவர் அங்கேயே நின்றுகொண்டார். தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது. அந்த இரைச்சலுக்குள், யாரிடமோ பேசுகிற மாதிரி, சம்பூர்ணத்தின் குரலும் கேட்டது.

அவள் வெறும் கூடையோடு வந்தாள். அவர் எதுவும் கேட்காமல் முன்னால் வேகமாக இறங்க ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷம் நீங்க வந்து வைங்க" என்றாள் பின்னாலிருந்து. "பெத்தவங்க மொகத்தப் பாக்காம அதுவும் எத்தினி நாளைக்குத்தான் ஒக்காந்துக்கினு இருக்கும்?"