பல்பொடிக்காரர் முகத்தில் இருபத்து மூன்று புள்ளிகள்

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. உப்பைக்கூடக் கழுவித்தான் குழம்பில் போடுவேன் என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு அது ஒருமுறை சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது. போடாமல் காப்பாற்றியது ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவர்.

துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்து கம்பெனியை மூடியபோது, காட்டூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்றை வாங்கி நிறுத்தினோம். கம்ப்யூட்டரில் நாம் வரைந்து கொடுத்தால் அது பலகையில் அப்படியே செதுக்கும். வாசக்கால் கதவுக்கு கஜலட்சுமி, பூஜை அறைக் கதவுக்கு மணி, அதை விட்டால் மாங்காய் டிசைன். இரண்டு வருஷம் இதுதான். மெஷினுக்கே அலுத்திருக்கும்.

அப்போதுதான் அந்த அம்மா ஒரு ஆட்டோவில் தேக்குப் பலகையும் கையில் ஒரு பழைய லேபிளுமாக வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கணவரின் தாத்தா ஆரம்பித்த பல்பொடிக் கடையை நடத்திவந்தவர். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதனால் கடையை ஸ்ரீரங்கத்தில், தன் வீட்டை ஒட்டி உத்தர வீதிக்கு மாற்றுகிறார். பலகை அந்தப் பழைய கடையின் கல்லாமேசைப் பலகை. லேபிளில் மரக்கட்டை அச்சில் போட்ட தாத்தாவின் முகம். தலைப்பாகை, மீசை, காதில் கடுக்கன், எல்லாம் மயிரிழைக் கோடுகள். அதைப் பெரிதாக்கி இந்தப் பலகையில் செதுக்கி, புதுக் கடை வாசலில் மாட்ட வேண்டும்.

"லால்குடி, மண்ணச்சநல்லூருன்னு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து வாங்கற சனம்மா. எங்க பேரை வெச்சுக்கிட்டு அங்கயே இன்னொருத்தன் கடை போட்டுட்டான். இடமும் மாறிட்டா எங்களை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? இந்த மூஞ்சி ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம்" என்றார்.

நான் மெய்சிலிர்த்துப் போனேன் என்று சொன்னால் பொய். மாங்காயிலிருந்து விடுதலை என்றுதான் தோன்றியது.

லேபிளை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே அழுக்கு. மடிப்புக் கோடு, பூச்சி அரித்த இடம், மை தெறித்த கறை. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. எனக்குக் கை அரித்தது. சின்னப் புள்ளிகளை ஒரே சொடுக்கில் துடைத்துவிட கம்ப்யூட்டரில் வசதி உண்டு. துடைத்தேன். கன்னம் பளிச்சென்று ஆனது. படத்தை போனில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். சின்ன போனில் தனக்கு ஒன்றும் தெரியாது, பலகையிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். ஒன்பது மணி நேரம் மெஷின் ஓடியது. கோடுகள் மேடாக நின்றன, மற்ற இடமெல்லாம் குடைந்து பள்ளமாகிவிட்டது. துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, நானே நாலு தடவை ரசித்தேன்.

அந்த அம்மா வந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "யாரும்மா இது?" என்றார்.

பிறகு, கேட்கிறவர்களுக்குக் காட்டவென்று எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் இரண்டு லேபிள்களை எடுத்து என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவர் எனக்குக் கொடுத்ததைப் போன்றது, இன்னும் தெளிவானது. இன்னொன்று அதே தலைப்பாகை, அதே மீசை, ஆனால் வழவழவென்ற முகம். அந்தக் காலத்திலேயே ஒருவன் போட்ட போலி லேபிளாம்.

தாத்தாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. லேபிளுக்குக் கட்டை செதுக்கியவர் முதலில் முகத்தை அழகாகச் செதுக்கிக்கொண்டு வந்தாராம். தாத்தா அதைத் திருப்பிக் கொடுத்து, இருக்கிறபடி செதுக்கு என்று எதிரே உட்கார்ந்துகொண்டாராம். கடைக்கு வருகிறவன் என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறான், பொட்டலத்திலும் அதே மூஞ்சி இருந்தால்தான் நம்புவான் என்பது அவர் கணக்கு. போலிக்காரனுக்கு எல்லாவற்றையும் காப்பியடிக்க மனசு வந்தது, தழும்பைப் போட்டுக்கொள்ள மட்டும் வரவில்லை. தழும்பு இல்லாவிட்டால் போலி என்று ஊரே தெரிந்துவைத்திருந்தது. இப்போதைய பாக்கெட்டில் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான், மை அப்பிக் கிடக்கும். அதனால் எனக்குத் தெரிய வழியில்லை என்றும் அவரே சொன்னார்.

நான் செதுக்கி வைத்திருந்தது போலியின் முகம். கம்ப்யூட்டரில் அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாம். மரத்தில் குடைந்து எடுத்ததை ஆண்டவனாலும் ஒட்டவைக்க முடியாது. வேறு தேக்கு வாங்கித் தருகிறேன் என்று உளறினேன். அவர் கணவர் நாற்பது வருஷம் கை ஊன்றி நின்ற பலகைக்கு நான் எங்கே போய் வேறு வாங்குவது?

அவர் எழுந்து வந்து பலகையின் விளிம்பைப் பிடித்து, எவ்வளவு கனம் என்று பார்த்தார்.

"பலகைக்கு ரெண்டு பக்கம் இருக்குல்லம்மா. திருப்பிப் போடு."

அவ்வளவுதான். திட்டவில்லை, வேறு கடைக்கும் எடுத்துப் போகவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் கதவுக்கும் மாங்காய்க்கும் திரும்பிப் போயிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றும் கடன்பட்டவள்.

மறுபக்கம் கரடுமுரடு. ஆணி ஓட்டைகள், யாரோ தச்சர் போட்ட பென்சில் கோடுகள். இந்தத் தடவை எனக்கு எதைத் தொடவும் பயம். இது கறையா தழும்பா, இது மடிப்பா கோடா என்று தினம் நாலு முறை போன் செய்தேன். மூக்கின்மேல் இருந்த ஒன்றுக்கு மட்டும் அவரும் யோசித்தார். பிறகு, அது எப்போதோ சிந்திய காபி என்றார். எண்ணிக் கடைசியில் இருபத்து மூன்று நின்றன. மெஷினில் செதுக்கும் ஊசி போன்ற சின்ன பிட் மாட்டி, மெதுவாக ஓடவிட்டேன். பதினெட்டு மணி நேரம் ஆனது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. புள்ளியில்லாத கன்னம் என்றால் ஒரே இழுப்பில் குடைந்து எறிந்துவிடலாம். புள்ளி வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்து, அதை மட்டும் உடையாமல் நிற்கவிட வேண்டும். என் மெஷினே அங்கெல்லாம் திணறியது. அன்று லேபிளுக்குச் செதுக்கிய அந்த மனிதர் உள்ளங்கை அளவுக் கட்டையில், கையால், இருபத்து மூன்று முறை சுற்றி வந்திருக்கிறார். பேர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நான் தூசி என்று துடைத்தது அவருடைய உழைப்பை. நல்லவேளை, அவர் ஒழுங்காகச் செய்துவைத்ததால் நான் திருத்திக்கொள்ள முடிந்தது. யாரென்று தெரியாத அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கன்னத்தில் ஒரு புள்ளி பெயர்ந்துவிட்டது. பொறுக்கியெடுத்துப் பசை வைத்து ஒட்டினேன். இந்த முறை அந்த அம்மா கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவில்லை, நானே போன் செய்து சொல்லிவிட்டேன். நிற்குமா என்றார். நிற்கும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

கடை திறந்த அன்று காலையில் போயிருந்தேன். பலகை வாசலுக்குமேல் மாட்டியிருந்தது. பதினோரு மணிவரை அக்கம்பக்கத்து ஆட்கள்தான் வந்து கல்கண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய வாடிக்கை ஒருவரும் இல்லை. அந்த அம்மா அடிக்கடி வாசலைப் பார்த்தார். என்னால் உட்காரவே முடியவில்லை.

ஒரு ஆள் எதிர்ப்பக்கம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது, கையில் மஞ்சள் பை. வெகுநேரம் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"சத்திரத்துல கேட்டா இடிச்சாச்சுன்னாங்க. பக்கத்துக் கடையில இதான் அதுன்னு குடுத்தாங்க. எங்க அம்மா வாயில வெச்சதுமே துப்பிட்டாங்க. ஸ்ரீரங்கத்துல இருக்குன்னு யாரோ சொன்னாங்க, ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏறி வந்து வீதி வீதியாத் தேடறேன்" என்றார். மேலே கையைக் காட்டினார். "இவருதாங்க."

அந்த அம்மா ஆறு பொட்டலம் எடுத்துக் கட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் செதுக்குச்சு. ஒரு தழும்பு விடலை" என்றார். சுவரைப் பார்த்தபடி இருக்கும் மறுபக்கத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

அந்த ஆள் பொட்டலங்களோடு சேர்த்துக் கையைக் குவித்து என்னைக் கும்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் திரும்பி அந்த அம்மாவைக் கும்பிட்டேன்.