இருபத்தோராம் திகதி வெட்ட வேண்டிய வேலி

பட்டின சபை ஓவசியர் ஸக்கரியா தெருவுக்குள் வருவதற்கு முன்னால் அவருடைய கம்பு வந்துவிடும். சரியாக நாலடி நீளம், இரண்டு முனையிலும் சிவப்புச் சாயம். அதை நடைபாதையின் குறுக்கே படுக்க வைப்பார். வேலியில் முட்டாமல் படுத்தால் வீட்டுக்காரர் தப்பினார். இலையில் முட்டினால் வாய்ச்சொல்லாக ஓர் எச்சரிக்கை, கிளையில் முட்டினால் நோட்டீஸ். பதினாலு நாளில் வெட்டாவிட்டால் சபையின் ஆட்களே கத்தியோடு வந்து நிற்பார்கள்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகிற பாதையில், பஸ் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் சின்னப் பட்டினம் அது. ஒரு வாரம் மழை பெய்தால் போதும், அங்கே செடிகொடிக்கெல்லாம் பேய் பிடித்துவிடும். சனங்களோ நடைபாதையைச் சபை தங்கள் வேலிக்குச் சீதனமாகக் கொடுத்தது என்றே நினைத்திருந்தார்கள். வெட்டச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வெட்டாமல் விட்டால் எதிர்வீட்டுக்காரர் பெட்டிசம் எழுதுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு ஸக்கரியா பத்தொன்பது வருசம் ஓட்டிவிட்டார்.

ஊரில் அவருக்குக் கம்புக்காரர் என்று பேர். எந்த வீட்டு வேலி செவ்வரத்தை, எது கிளிசரிடியா, எதில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த வேலிகளுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டிலும் அவர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததில்லை. அவரைக் கண்டால் உள்ளே பேச்சு நின்றுவிடும். மனுசன் அதைப் பழகிக்கொண்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இப்படியான விசயம் யாருக்குப் பழகும்?

அவருடைய மனைவி ஸரீனா மௌத்தாகி இரண்டு வருசம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மூன்றாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்ததும் வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். நாலாம் நாள் காலையில் அவர் கம்போடு தெருவில் நின்றார். புருசன் இறந்தால் பெண்ணுக்கு இத்தா உண்டு. நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூட இருப்பார்கள். ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இன்ன நாள் மட்டும் வீட்டில் இரு, அழு என்று ஸக்கரியாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு ஆறு வேலிகளை அளந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அறுபத்துமூன்றாம் வருசம் ஜூன் மாதம் பதினோராம் திகதி, மேட்டுத்தெருவில் பாக்கு வியாபாரம் செய்த புஹாரி மௌத்தானார். அவருடைய வேலி நல்ல உயரமான செவ்வரத்தை. உயிரோடு இருந்த காலத்தில் மாதம் ஒரு தடவை அவரே வெட்டி ஒழுங்குபண்ணுவார். அவர் போன பிறகு வேலிக்குக் கேட்பார் பார்ப்பார் இல்லை. ஆடி மழையில் அது நடைபாதை முழுக்கக் கவிழ்ந்து தெருவோர வடிகால் கானைத் தொட்டது.

முதலில் முறைப்பாடு கொண்டுவந்தவர் ஆறுமுகநாதன். தபால் கந்தோரில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். காலையில் ஊன்றுகோலோடு நடந்துபோகாவிட்டால் அவருக்கு நாள் விடியாது.

"ஓவசியர், இஞ்ச பாரும், நான் எந்தப் பக்கத்தால நடக்கிறது? நேற்று ஒரு லொறி என்ர வேட்டியை உரசிக்கொண்டு போட்டுது. சட்டம் எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானே?"

"ஐயா, அந்த வீட்டுல ஒரு பொம்பள இத்தா இருக்குறாங்க."

"அது எனக்கும் விளங்குது. ஆனா லொறிக்கு விளங்காதே."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஸக்கரியா போய்க் கம்பைப் படுக்க வைத்தார். கம்பு முழுக்க இலைக்குள் போய்விட்டது. கிளையை விலக்கிப் பார்த்தார். வயதான செவ்வரத்தைக்கு இலையெல்லாம் வெளிப்பக்கம்தான், உள்ளே வெறும் குச்சி. நடைபாதையில் நிற்கிற பச்சையை வெட்டினால் மிஞ்சுவது வேலி அல்ல, எலும்புக்கூடு. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. கிணறும் கக்கூசும் முன்வளவில். வேலியை வெட்டினால் அந்தப் பெண் முகம் கழுவவும் தெருவில் போகிற எல்லா ஆண்களுக்கும் முன்னால்தான் வரவேண்டும்.

நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சபையின் விதி. அவர் படலைக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னார். பக்கத்து வீட்டு நாச்சியா வந்தாள். புஹாரியின் மனைவி றாபியாவுக்குச் சோறு கொண்டுவருவதும் இரவில் துணைக்குப் படுப்பதும் அவள்தான். விசயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஆனால் பதில் நேரே வேலிக்குப் பின்னாலிருந்து வந்தது, மெல்லிய குரலில்.

"சனங்க ரோட்டுல எறங்கி நடக்குறது பாவம். வெட்டிடுங்க நானா. நான் உள்ளுக்கே இருந்துக்குறேன்."

பத்தொன்பது வருசத்தில் நோட்டீஸுக்கு இப்படி ஒரு பதில் ஸக்கரியா கேட்டதில்லை. அவரை யாரும் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டும் வெகுநாள் ஆகியிருந்தது. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் சேர்மன் முன்னால் போய் நின்றார். இத்தா முடியும்வரை தவணை கேட்டார். சேர்மன் நல்ல மனிதர்தான், ஆனால் தாள் இல்லாமல் தும்மவும் மாட்டார்.

"எப்ப முடியுதுன்னு திகதி ஒன்னு போட்டு எழுதிக் குடுங்க. திகதி இல்லாம நான் கையெழுத்து வைக்க ஏலாது."

ஸக்கரியா கந்தோர்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். ஜூன் பதினொன்றிலிருந்து ஒக்டோபர் பதினொன்று வரை நாலு மாதம். அதற்குமேல் பத்து நாள். இருபத்தொன்று. அப்படியே எழுதினார், சேர்மன் கையெழுத்து வைத்தார், இலிகிதர் மக்கீன் புத்தகத்தில் பதிந்தார். வருசா வருசம் நோன்புக்கும் பெருநாளுக்கும் கழுத்து நோகப் பிறை பார்க்கிற மனிதர், இந்தக் கணக்கை மட்டும் கந்தோர்ச் சுவரைப் பார்த்துப் போட்டார்.

தவணை வாங்கியாகிவிட்டது. ஆறுமுகநாதனை என்ன செய்வது? தெருவின் எதிர்ப்பக்கம் சபைக்குச் சொந்தமான கரை, காட்டுச் சூரியகாந்தி ஆளுயரம் மண்டிக் கிடந்தது. வேலை முடிந்த பின்னேரங்களில் ஸக்கரியா தனியாக மண்வெட்டியோடு போனார். இரண்டு வாரத்தில் கரையை வெட்டி, கல் பொறுக்கி, கானுக்கு மேலே இரண்டு பலகை போட்டு ஓர் ஒற்றையடிப் பாதை ஆக்கிவிட்டார். ஆறுமுகநாதன் அதில் இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அந்தப் பின்னேரங்களில்தான் ஸக்கரியாவுக்கு அந்த ஆசை வந்தது. மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்கும்போது வேலிக்கு அப்பால் கிணற்று வாளி இறங்கும் சத்தம் கேட்கும். அவளை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க முயன்றதும் இல்லை. தன்னைப்போல் தனியாகிவிட்ட ஒருத்தி அந்தப்பக்கம் இருக்கிறாள், சனங்களுக்குப் பாவம் பார்க்கிறவள். நாச்சியாவிடம் சொல்லிக் கேட்டுப் பார்த்தால் என்ன என்று நினைத்தார். நாற்பத்தெட்டு வயது ஒன்றும் பெரிய வயது இல்லை என்றும் நினைத்தார். ஆனால் இத்தாவில் இருக்கிற பெண்ணுக்குக் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஆகவே வாயைத் திறக்கவில்லை. நாச்சியாவிடம்கூட ஜாடை காட்டவில்லை. இருபத்தோராம் திகதி வரட்டும், எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்று நாளை எண்ணினார்.

கடைசி வாரம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. வேறொன்றும் இல்லை, வெட்கம்.

இருபத்தொன்று திங்கட்கிழமை. ஸக்கரியா சுபஹு தொழுதுவிட்டு, பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டார். காதுக்குப் பின்னால் கொஞ்சம் அத்தர் பூசினார். வேலி வெட்டப் போகிறவருக்கு எதற்கு அத்தர் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. கூலியாட்கள் இரண்டு பேரையும் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் மேடேறிப் போய்ப் படலையடியில் ஸலாம் சொன்னார். பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னார். அப்புறம்தான் படலையில் பூட்டு தொங்குவதைக் கண்டார்.

நாச்சியா தன் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரத் தேடுறீங்க?"

"இல்ல ராத்தா... இன்னைக்குத்தானே இத்தா முடியுது? வேலிய வெட்ட..."

"இன்னைக்கா? அது வியாழக்கிழமையே முடிஞ்சிட்டே. நீங்க எந்தக் கணக்குப் பார்த்தீங்க? பிறைக் கணக்குத்தானே!"

அவருக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. பிறை மாதம் இருபத்தொன்பது நாளிலும் முடியும். நாலு மாதத்தில் நாலு நாள் விழுந்துபோயிருந்தது. சபையின் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவங்க எங்க?"

"வில்கமுவயிலேருந்து அவட நானா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு, வெள்ளிக்கிழமை பின்னேரம். அங்க கலியாணத்துக்கு ஒரு எடம் பேசியிரிக்காங்க. வயல் வெச்சிரிக்கிற மனுசனாம். அவ ஒன்னும் சொல்லல்ல, அழுதுக்கிட்டே போனா. இந்த ஊருல யாராச்சும் ஒரு ஆள் கேட்டு வந்தா நிப்பாட்டிப்போடலாம்னு நானும் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு இருந்தேன். யாரும் வரல்ல."

ஸக்கரியா கம்பைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஒங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னா. வேலிய வெட்டாம வெச்சிரிந்த அந்த நானாக்குன்னு சொன்னா. பேர் தெரியல்ல அவளுக்கு. கம்புக்காரர்னு நான்தான் சொன்னேன். இனி வெட்டிடுங்க, யாருக்கு இது?"

அவர் ஆட்களைக் கூப்பிடவில்லை. தெருமுனைக்கு இறங்கிப் போய் அவர்களிடம் கத்தியை வாங்கிக்கொண்டு தான் மட்டும் திரும்பி வந்தார். மத்தியானம் வரை வெட்டினார். வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைச் சாறு. பச்சை விழ விழ உள்ளே இருந்த வளவு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சத்தத்தில் மட்டும் அவருக்குத் தெரிந்த கிணறு, அதன் கட்டின்மேல் கவிழ்த்து வைத்த வாளி, ஜன்னலில் இன்னும் கட்டியிருந்த வெள்ளைத் துணி. எல்லாவற்றையும் தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்ப்பதற்கு உள்ளே யாரும் இருக்கவில்லை. கடைசியில் கம்பைப் படுக்க வைத்தார். ஒன்றிலும் முட்டாமல் படுத்தது.

கந்தோருக்குப் போய், வேலை முடிந்ததென்று புத்தகத்தில் எழுதினார். பிறகு மக்கீனிடம் லீவு ஃபோம் ஒன்று கேட்டார். மக்கீன் திகைத்துப்போனான். மனைவி மௌத்தான போதும் கேட்காத மனிதர்.

"என்ன காரணம்னு போடுறது ஓவசியர்? சொகமில்லயா?"

ஸக்கரியா யோசித்தார். அந்தத் தாளில் எழுதக்கூடிய காரணம் ஒன்றும் அவரிடம் இல்லை.

"சொகமில்லன்னே போடுங்க."

"எத்தன நாள்?"

"எத்தன நாள் தருவாங்க?"

"டொக்டர் துண்டு ஒன்னும் காட்டாட்டி ரெண்டு நாள் தருவாங்க."

"அப்ப ரெண்டு நாள் போடுங்க."

இரண்டு நாளும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். முதல் நாள் ஸரீனாவுக்காக அழுதார், இரண்டு வருசம் பிந்தி. அடுத்த நாள் யாருக்காக அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. சோறு கொண்டு யாரும் வரவில்லை. கதவை யாரும் தட்டவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் கம்போடு மேட்டுத்தெருவில் நின்றபோது ஆறுமுகநாதன் வேலி வெட்டிய நடைபாதையில் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இப்பதான் ஓவசியர், மனுசர் நடக்கக்கூடியதாக் கிடக்கு" என்றார் சந்தோசமாக.

"ஓம் ஐயா" என்று சொல்லி, அவர் போக வழிவிட்டு ஸக்கரியா ஒதுங்கி நின்றார்.